எந்த மொழி என்று கேட்பதற்கு முன், எதற்காக என்று முடிவுசெய்யுங்கள்

“ஜெர்மன் படிக்கட்டுமா, கொரியன் படிக்கட்டுமா? ஜெர்மன் படித்தால் வேலை இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எனக்குப் பிடித்தது கொரியன்.” வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். மொழிகளின் பெயர்தான் மாறும், சில நேரம் பிரெஞ்சும் ஜப்பானிய மொழியும், சில நேரம் ஸ்பானிஷும் சீனமும். உள்ளே இருக்கும் குழப்பம் ஒன்றுதான்: ஒன்று பிழைப்புக்கு உதவும் போலிருக்கிறது, இன்னொன்று மனசுக்குப் பிடித்திருக்கிறது, எதைப் பிடித்துக்கொள்வது?

நான் கல்லூரி மாணவர்களுக்கு மாலை நேரத்தில் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறேன். முதல் நாள் எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஏன் வந்தீர்கள் என்று ஒரே வரியில் எழுதித்தரச் சொல்வேன். அந்தச் சீட்டுகளை மேசை டிராயரில் பத்திரமாக வைத்துவிடுவேன். மூன்றாவது மாதம், காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த எழுத்துகள் கூடிக்கொண்டே போகும் நேரத்தில், வகுப்பில் நாற்காலிகள் காலியாகத் தொடங்கும். அப்போது சீட்டுகளை எடுத்துப் பார்ப்பேன். வராமல் போனவர்களில் சோம்பேறிகள் குறைவு, மண்டையில் ஏறாதவர்கள் அதைவிடக் குறைவு. அவர்கள் எழுதிய காரணம் அந்த மூன்றாவது மாதத்தைத் தாண்டப் போதவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இங்கே மொழிகளை ஒப்பிடப்போவதில்லை. காரணங்களை ஒப்பிடப்போகிறேன். காரணம் சரியாக அமைந்தால் மொழி எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். அந்தக் காரணம் எத்தனை மாதம் உயிரோடு இருக்கும். அது உங்களைத் தினமும் மொழியின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்குமா. உங்களிடம் இருக்கும் நேரத்துக்குள் இலக்கு அடங்குமா. கடைசியாக, போட்ட திட்டம் மாறிப்போனால் கையில் என்ன மிஞ்சும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சேருகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் அரசுப் பயிற்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற, ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்குச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணிநேரம் ஆகும் என்றும், ஜப்பானியம், கொரியன், சீனம், அரபி ஆகியவற்றுக்குச் சுமார் 2200 மணிநேரம் ஆகும் என்றும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். அதுவும் முழுநேரமும் அதே வேலையாக உட்கார்ந்து படிப்பவர்களுக்கு. நீங்கள் வாரத்துக்கு 5 மணிநேரம் ஒதுக்குகிறீர்கள், தேர்வு வாரங்களைக் கழித்தால் வருடத்துக்கு 40 வாரம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 200 மணிநேரம், மூன்று வருடப் பட்டப்படிப்பில் 600. ஸ்பானிஷில் அது உங்களை எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும். ஜப்பானிய மொழியில் அந்த அதிகாரிகள் போகும் தூரத்தில் கால்வாசிதான்.

ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கானது என்பதையும் மறக்காதீர்கள். தமிழிலிருந்து கிளம்புகிறவருக்கு ஜப்பானியமும் கொரியனும் இலக்கண அளவில் அவ்வளவு தூரமில்லை. “மிஸு ஓ நோமிமாஸ்” என்று பலகையில் எழுதி, மிஸு என்றால் தண்ணீர், ஓ என்றால் ‘ஐ’, நோமிமாஸ் என்றால் குடிக்கிறேன், அதாவது தண்ணீரைக் குடிக்கிறேன் என்று காட்டும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். “கக்கோ நி இகிமாஸ்”, பள்ளிக்குப் போகிறேன். அந்த ‘நி’ நம்முடைய ‘கு’. வினைச்சொல் கடைசியில், வேற்றுமை பெயரின் வாலில், எல்லாம் நமக்குப் பழக்கமான வரிசை. சொற்களும் காஞ்சியும்தான் நேரத்தைத் தின்னும். பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் வைத்திருக்கும் காஞ்சிப் பட்டியலில் மட்டும் 2136 எழுத்துகள். இலக்கணம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை எழுத்து வாங்கிக்கொள்ளும்.

காரணங்களைப் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. 1959-ல் கனடாவில் ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும், பிரெஞ்சு படிக்கும் மாணவர்களை வைத்து இரண்டு வகை நோக்கத்தைப் பிரித்துச் சொன்னார்கள். மொழியைக் கருவியாகப் பார்ப்பது ஒன்று, அந்த மொழி பேசுகிறவர்களோடு சேர்ந்து பழக விரும்புவது இன்னொன்று. ரொம்ப நாள் வரை இரண்டாவதுதான் உசத்தி என்ற எண்ணம் இருந்தது. அப்புறம் 1991-ல் கார்ட்னரும் பீட்டர் மெக்கின்டையரும் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். கொஞ்சம் பிரெஞ்சுச் சொற்கள், நன்றாகக் கற்றால் 10 டாலர். பணம் கிடைக்கும் என்றவர்கள் உண்மையிலேயே அதிகம் கற்றார்கள். ஆனால் பரிசுக்கு வாய்ப்பு முடிந்த சுற்றில் அவர்கள் கூடுதலாகப் போட்ட உழைப்பும் நின்றுவிட்டது. டிராயரில் இருக்கும் சீட்டுகளில் நான் பார்ப்பதும் இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| காரணம் | எத்தனை நாள் தாங்கும் | தினமும் தொடவைக்குமா | மறைந்திருக்கும் செலவு | திட்டம் மாறினால் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| வேலை | வேலை கண்முன் இருந்தால் நீண்ட நாள், கற்பனையில் இருந்தால் சில மாதம் | தானாக நடக்காது | அடிமட்டச் சான்றிதழுக்கு மதிப்புக் குறைவு | அரைகுறை மொழி |
| மேற்படிப்பு | விண்ணப்பத் தேதி வரை | தேதி நெருங்கினால் ஆமாம் | சில மதிப்பெண்கள் காலாவதியாகும் | தேர்வுத் திறன், கொஞ்சம் மொழி |
| ஆசை | வருடக்கணக்கில் போகலாம் | ஆமாம் | கேட்பது வளரும், பேச்சும் எழுத்தும் பின்தங்கும் | மொழியே மிஞ்சும் |
| மனிதர்கள் | உறவு இருக்கும்வரை | ஆமாம் | கூச்சம், காகிதத்தில் காட்ட ஒன்றுமில்லை | உறவு |

## வேலைக்காகப் படிப்பது

சீட்டுகளில் அதிகம் வருவது இதுதான். தப்பே இல்லை. வருடக்கணக்கில் காசு செலவழித்துப் படிக்கும் பிள்ளை வேலையைப் பற்றி யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்?

இதற்குள்ளேயே இரண்டு ரகம் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்காததால்தான் ஏமாற்றம். ஒன்று, கண்முன் இருக்கும் வேலை. என் மாணவர் ஒருவரை இறுதியாண்டிலேயே ஒரு நிறுவனம் எடுத்துவிட்டது, இன்ன மாதத்துக்குள் ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 நிலையை (என்5 தொடக்கம், என்1 உச்சம்) முடித்தால் ஜப்பானுக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டது. அவருக்கு அனிமே என்ற ஜப்பானிய அசைபடங்களிலும் ஆர்வம் கிடையாது, ஜப்பானியப் பாட்டிலும் கிடையாது. பேருந்தில் நின்றுகொண்டே சொல்லட்டைகளைப் புரட்டி, பதினான்கு மாதத்தில் முடித்தார். இன்னொரு ரகம், “பின்னாடி உதவும்” என்ற வேலை. எந்தப் பதவி, எந்த நிலை கேட்கிறார்கள், மொழியோடு வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும், எதையும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது ரகம்தான் மூன்றாவது மாதம் காணாமல் போவது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், ஜெர்மன், பிரெஞ்சு போன்ற மொழிகளில் ஏ1, ஏ2, ஜப்பானியத்தில் என்5, என்4 என்ற ஆரம்ப நிலைகள் எல்லாம் வேகமாக ஏறும் படிகள், ஏறும்போது பெருமையாகவும் இருக்கும், ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது அதற்கு மேலே. ஏ2-க்கு மேலே இருக்கும் பி1-லிருந்து பி2-க்குப் போகும் தூரம், அதுவரை வந்த மொத்தத் தூரம் போலத் தோன்றும். அந்த இடத்தில்தான் பலர் நிற்கிறார்கள். ஏ2 அளவில் செய்யக்கூடிய மொழிபெயர்ப்பை இன்றைக்கு ஒரு கைபேசி செய்துவிடுகிறது, அதற்காக ஒருவரைச் சம்பளம் கொடுத்து எடுக்க மாட்டார்கள். மொழி தனியாக வேலை வாங்கிக் கொடுப்பதும் அபூர்வம். கணக்கியலோ பொறியியலோ செவிலியர் படிப்போ கையில் இருந்து, அதோடு மொழியும் சேர்ந்தால்தான் எடை கூடுகிறது.

நானே கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஜெர்மன் படித்தவன், இதே காரணத்துக்காக. ஏ2 வரை நல்ல மதிப்பெண். கிடைத்த வேலைக்கு ஜெர்மன் தேவைப்படவில்லை, மறுவருடமே எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர், எதற்கு டீ, எதற்கு டாஸ் போட வேண்டும் என்ற பால் வேறுபாடு கலைந்துபோயிற்று. இன்று மிஞ்சியிருப்பது என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நான்கு வாக்கியம். அந்த மாலைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அப்போது எனக்குப் பிடித்த மொழி வேறு.

இது உங்களுக்கான வழியா? நீங்கள் போக விரும்பும் வேலைக்கான மூன்று விளம்பரங்களை எடுத்து, அவர்கள் கேட்கும் மொழி நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட மணிநேரக் கணக்குக்குள் அது அடங்கினால் தாராளமாக இறங்குங்கள். மூன்று விளம்பரம்கூடக் கிடைக்கவில்லை என்றால் அந்த வேலை இன்னும் உங்கள் கற்பனையில்தான் இருக்கிறது.

## மேற்படிப்புக்காகப் படிப்பது

இதற்கு இருக்கும் பெரிய பலம் தேதி. விண்ணப்பம் முடியும் நாள், தேர்வு நாள், வேண்டிய மதிப்பெண், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதனால் இந்தக் காரணத்தோடு வருகிறவர்கள் பாதியில் விடுவது குறைவு, ஒரு வருடத்துக்குள் அவர்கள் ஏறும் உயரம் மற்றவர்களுக்கு வராது.

ஆனால் அவசரப்பட்டுச் சீக்கிரமே தேர்வு எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. கொரிய மொழிக்கான டோபிக் மதிப்பெண் 2 வருடத்துக்குத்தான் செல்லும். ஆங்கிலத்துக்கான ஐஈஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண்களும் அப்படியே. முதலாம் ஆண்டில் ஆசையாக எழுதி வாங்கியது, இறுதியாண்டில் விண்ணப்பிக்கும்போது காலாவதியாகியிருக்கும், கட்டணம் மறுபடியும். பிரெஞ்சுக்கான டெல்ஃப் சான்றிதழுக்கும், ஜப்பானியத்துக்கான ஜேஎல்பிடி சான்றிதழுக்கும் காலாவதி கிடையாது. ஆனாலும் சேரப்போகும் இடம் சமீபத்திய சான்றிதழ்தான் வேண்டும் என்று கேட்கலாம், அங்கேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, தேர்வும் மொழியும் ஒன்றில்லை. ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வும் கிடையாது, எழுத்துத் தேர்வும் கிடையாது, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பதுதான். என்2 முடித்துவிட்டு, கடையில் “இது வேறு அளவில் இருக்கிறதா” என்று கேட்க வாய் வராதவர்களைப் பார்த்திருக்கிறேன். “பாடம் ஆங்கிலத்தில்தானே நடத்துகிறார்கள், மொழி எதற்கு” என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பறைக்குள் அது சரி. வீட்டு ஒப்பந்தம், மருத்துவர், பகுதிநேர வேலை எல்லாம் வகுப்பறைக்கு வெளியே இருக்கின்றன.

போகும் இடமும் வருடமும் உறுதியாகிவிட்டதா? அப்படியானால் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் உங்களுக்குத் தேவையில்லை, பிடித்த மொழியை இரண்டு வருடம் தள்ளிவைத்துவிட்டு இதைப் படியுங்கள். உறுதியாகவில்லை, “போனாலும் போவேன்” என்கிற நிலை என்றால், பல நாடுகளுக்குப் பொதுவாகப் பயன்படும் மொழியாகப் பார்த்து எடுப்பது பாதுகாப்பு.

## ஆசைக்காகப் படிப்பது

இதைச் சொல்லும்போது பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கொரிய டிராமா (தொலைக்காட்சித் தொடர்) பார்த்துப் படிக்க வந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, சீட்டில் “எதிர்காலத்துக்கு” என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 2016-க்கும் 2021-க்கும் இடையில் பிறமொழி வகுப்புகளில் சேருவோர் எண்ணிக்கை மொத்தமாக 16.6 சதவீதம் விழுந்தது. அதே ஐந்து வருடத்தில் கொரிய மொழியிலோ 38.3 சதவீதம் ஏறியது. அத்தனை பேரும் வேலைக் கணக்குப் போட்டுக்கொண்டு கொரியனில் சேர்ந்தார்கள் என்று நான் நம்பவில்லை.

ஒரு மாணவனின் சீட்டில், “மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்னாடி நானே படிக்கணும்” என்று இருந்தது. அவன் தொடர்ந்து படித்துவந்த ஒரு மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையைத்தான் சொல்கிறான். முதல் மாதத்திலேயே ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தான். சிறுவர்களுக்கான மங்காவில் காஞ்சியின் பக்கத்திலேயே உச்சரிப்பைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு அகராதியில் தேடி, ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தான். அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகியிருந்தது. பாதி தப்பு. எட்டாவது மாதம் கொண்டுவந்த பக்கத்தில் பென்சில் குறிப்பு மூன்றோ நான்கோதான், நான் ஒரு கட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் அவன் சிரித்துவிட்டான். அந்த டிசம்பரில் என்4 எழுதித் தோற்றான், நேரம் போதவில்லை. ஜூலையில் மறுபடி எழுதித் தேறினான். அதே டிசம்பரில் தோற்ற இன்னும் இரண்டு பேர் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. அவர்கள் சீட்டுகளில் “பின்னாடி உதவும்” என்று இருந்தது. மூன்று பேரை வைத்துச் சட்டம் போட முடியாது, தெரியும். ஆனால் தோற்ற மறுநாளும் அந்தப் பையனுக்கு மங்காவின் அடுத்த பக்கம் காத்துக்கொண்டிருந்தது, மற்ற இருவருக்கும் அப்படி எதுவும் இல்லை.

ஆசையிலும் செலவு உண்டு. சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே நூறு மணிநேரம் டிராமா பார்த்தால் நீங்கள் படித்தது சப்டைட்டிலின் மொழியைத்தான். ஒரு காட்சியை மூன்று நிமிடம் வெட்டி, சப்டைட்டில் இல்லாமல் நான்கு முறை கேட்டு எழுதிப் பாருங்கள், அப்போதுதான் அது படிப்பு. அடுத்தது மரியாதை. அனிமே நாயகன் எதிராளியை ‘ஒமாயே’ என்று கூப்பிடுவான், அதை அப்படியே ஆசிரியரிடம் சொன்னால் நாம் பேராசிரியரை “டேய்” என்றது போல ஆகிவிடும். கொரியனிலும் அப்படித்தான், நண்பர்களுக்குள் பேசும் மொட்டை வடிவம் வேறு, வாக்கியத்தின் கடைசியில் ‘யோ’ போட்டுப் பேசுவது வேறு. வா, வாங்க வித்தியாசத்தில் வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும், ஆனால் திரை மட்டும் சொல்லித்தராது. மூன்றாவது, ஆசைக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாத படிப்பு தேர்வு வாரத்தில் முதலில் தள்ளிப்போவது, தள்ளிப்போனது சில நேரம் திரும்புவதே இல்லை.

அவசரத் தேவை எதுவும் தலைக்குமேல் இல்லாத முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். 600 மணிநேரத்தை உங்களிடமிருந்து பிடுங்காமல் வாங்கிக்கொள்ளும் காரணம் வேறு இல்லை.

## மனிதர்களுக்காகப் படிப்பது

பாட்டியின் மொழி, வீட்டில் பெரியவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்ட மொழி, விடுதி அறைத்தோழியின் மொழி, காதலிப்பவரின் மொழி. இதை ஒரு தேர்வாகவே யாரும் எண்ணுவதில்லை, “அதைப் போய் யாராவது படிப்பார்களா” என்கிறார்கள். ஆனால் காதில் ஏற்கெனவே விழுந்து பாதி புரியும் மொழி என்றால் உங்கள் பாதை மற்றவர்களைவிட எவ்வளவோ குறைவு, ஆசிரியரும் வீட்டிலேயே இருக்கிறார்.

இங்கே செலவு காசு இல்லை, கூச்சம். நீங்கள் தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் சொன்னதும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், அல்லது பாவப்பட்டு உங்களுக்குத் தெரிந்த மொழிக்கே மாறிவிடுவார்கள். இதில் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு ஆளிடம், “தினமும் பத்து நிமிடம் என்னிடம் இந்த மொழியில் மட்டும் பேசுங்கள், சிரிக்காதீர்கள்” என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும். ரெஸ்யூமேயில் எழுத ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆனால் வேலைக்கான மொழியை முப்பது வயதிலும் படிக்கலாம். பாட்டியிடம் கதை கேட்க அதுவரை காத்திருக்க முடியாது.

## மதிப்பெண்ணுக்காக, வீட்டில் சொன்னதற்காக

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோல்டான் டோர்னியே என்ற மொழியியல் ஆய்வாளர், ஒருவர் தன்னை எப்படி ஆக்கிக்கொள்ள விரும்புகிறார் என்பதையும், மற்றவர்கள் எதிர்பார்ப்புக்காக எப்படி ஆகியாக வேண்டும் என்பதையும் தனித்தனியாகப் பிரித்தார். விருப்பப்பாடம் என்பதால் எடுத்தது, அப்பா சொன்னார் என்பதால் சேர்ந்தது, இரண்டும் பின்னதில் வரும். செமஸ்டரைத் தாண்டவைக்கும், அதற்கு மேல் இழுக்காது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுங்கள், ஆனால் அந்த வகுப்பிலேயே உங்களுக்கென்று ஒரு காரணம் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். சிலருக்குத் தட்டுப்படுகிறது.

## இன்னும் முடிவு வரவில்லை என்றால்

காரணங்களைக் கலக்கலாம், அது சொல்லப்போனால் நல்லது. என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்யும் கலவை, ஆசையால் மொழியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு தேர்வுத் தேதியை மாட்டிவிடுவது. கொரியன் பிடிக்குமா, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த வருடம் டோபிக் எழுதுவேன் என்று பணத்தைக் கட்டிவிடுங்கள். தலைகீழாகவும் செய்யலாம். வேலைக்காக ஜெர்மன்தான் என்று முடிவாகிவிட்டால், அந்த மொழியில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றை முதல் மாதத்துக்குள் கண்டுபிடியுங்கள், கால்பந்து வர்ணனையோ சமையல் காணொளியோ எதுவானாலும் சரி. செய்யக்கூடாத கலவை ஒன்றுதான், இரண்டு புது மொழியை ஒரே நேரத்தில் ஆரம்பிப்பது. வாரத்துக்கு 5 மணிநேரம் இரண்டாகப் பிரிந்தால் இரண்டுமே முதல் படியில் நிற்கும்.

அப்படியும் இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்றால், வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், யாரும் கேட்காமல், கெடு எதுவும் இல்லாமல், எந்த மொழியைத் தொடத் தோன்றுகிறதோ அந்த நோட்டில் தேதி போட்டு அன்றைக்குத் தெரிந்துகொண்டதை எழுதுங்கள். கொரிய எழுத்துகளையோ, ஜப்பானிய ஹிரகானாவின் 46 எழுத்துகளையோ, ஜெர்மனில் முதல் ஐம்பது சொற்களையோ தொட அந்த இரண்டு வாரம் போதும். பதினைந்தாவது நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் பதினொன்று இருக்கும், இன்னொன்றில் மூன்று இருக்கும். மூன்று இருப்பதை அலமாரியில் வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு வகுப்பில் சேருங்கள்.